மழையின் சார்பில் ஆஜரானவர்

இயற்கைச் சீற்ற வாரியம் வேலையே செய்வதில்லை என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அது அபாண்டம். நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன், கண்ணால் பார்த்திருக்கிறேன். காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் மாலை ஐந்து வரைக்கும் அங்கே மும்முரமாக வேலை நடக்கும். நகரத்தில் எங்கே எது இடிந்தாலும், மூழ்கினாலும், எரிந்தாலும், அதற்கு இயற்கைதான் காரணம் என்று கண்டுபிடித்து, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்க வேண்டும். சாதாரண வேலையா? முப்பத்தொரு வருடத்தில் ஒரு கோப்பில்கூட அவர்கள் தவறியதில்லை. மேம்பாலம் விழுந்தபோது காற்று. கிடங்கு எரிந்தபோது கோடை. மருத்துவமனையில் லிஃப்ட் அறுந்து விழுந்தபோது மட்டும் கொஞ்சம் திணறிப் போனார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து யோசித்துவிட்டு, புவியீர்ப்பு என்று எழுதினார்கள்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்குத்தான் எங்கள் குடைக்காரர் ஒரு விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

குடைக்காரர் சாது. கால்வாய்த் தெருவின் கடைசி வீட்டில், முன்னறையையே கடையாக்கி, முப்பது வருடமாகக் குடை பழுது பார்க்கிறார். யார் எதைச் சொன்னாலும் வளைந்த கம்பியைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவருக்கு வந்த தொல்லை இதுதான். அவர் தெருவுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய் ஒன்று உண்டு. போன வருடம் வாரியம் அதன் கரையில் ஒரு மண்டபம் கட்டியது. வெள்ளத்தில் அவதிப்பட்ட மக்களைப் போற்றும் பேரிடர் நினைவு மண்டபம். மண்டபத்துக் கார் நிறுத்தத்துக்குள் தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று, கால்வாயின் குறுக்கே ஆளுயரச் சுவர் ஒன்றும் எழுப்பினார்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், போக்கிடம் இல்லாத தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் வந்துவிடும். ஒரே வருடத்தில் மூன்று தடவை வீட்டுக்குள் முட்டளவு நின்றது.

மூன்றாவது தடவை மெத்தையைக் காய வைத்துவிட்டு, குடைக்காரரின் மனைவி பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"உங்க மேல ஒரு கோவமும் இல்ல. எனக்கு அந்தச் சுவரு மேலதான் கோவம். அது இருக்குற வரைக்கும் நான் வர மாட்டேன். இன்னொரு தடவை அந்த மெத்தைய என்னால தூக்க முடியாது" என்றார் வாசலில் நின்று.

சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பெண்மணி அவர். தினமும் சாயங்காலம் போன் செய்வார். சாப்பிட்டீங்களா என்று கேட்க மாட்டார். "சுவரு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். நல்லா இருக்கு என்பார் குடைக்காரர். சரி என்று வைத்துவிடுவார். இருபத்தாறு வருடக் குடித்தனம் ஒரு சுவரின் உடல்நலத்தில் வந்து நின்றுவிட்டது. அடுத்த பெருமழைக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் சுவர் போக வேண்டும், அவள் வர வேண்டும். குடைக்காரருக்கு வேறு ஆசை கிடையாது.

வாரியத்தின் முகப்பில், எல்லோரும் கோப்பம்மா என்று கூப்பிடும் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷிதான். படிவத்தை நீட்டினார். அதில் 'காரணம்' என்ற தலைப்பின் கீழே ஐந்து கட்டங்கள். மழை, காற்று, கடல், நிலம், நெருப்பு.

"இதுல சுவரு இல்லியேம்மா" என்றார் குடைக்காரர்.

"சுவரு எப்படிங்க இருக்கும்? இது இயற்கை வாரியம்."

"ஆனா எங்க தெருவுல தண்ணி நிக்கறதுக்குக் காரணம் சுவருதான்."

கோப்பம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் உதவ வேண்டும் என்றுதான் இருந்தது. "சரி, சுவரு எதுல கட்டினது?"

"செங்கல்லுல."

"செங்கல் எதுல பண்றாங்க?"

"மண்ணுலம்மா."

"அப்ப நிலம்னு டிக் போடுங்க. அவ்வளவுதான், இதுக்குப் போயி மனசப் போட்டுக் குழப்பிக்கலாமா?"

டிக் போட்டார். பதினைந்தாம் நாள் ஜீப் ஒன்று வந்தது. நான்கு பேர் இறங்கிக் குடைக்காரர் வீட்டு வாசலில் ஆறடிப் பள்ளம் தோண்டினார்கள். மண்ணை எடுத்து முகர்ந்தார்கள், பையில் போட்டார்கள், ஒரு கருவியைத் தரையில் வைத்து நிலம் நடுங்குகிறதா என்று இரண்டு நாள் காவலிருந்தார்கள். மூன்றாம் நாள் பள்ளத்தை மூடாமல் போய்விட்டார்கள். நிலம் குற்றமற்றது என்று கடிதம் வந்தது. கூடவே, சம்பவ நேரத்தில் மழை அந்த வட்டாரத்தில் நடமாடியதாகத் தகவல் கிடைத்திருப்பதால், அதன் மேல் முறைப்படி விசாரணை தொடங்குவதாகவும் இருந்தது.

விசாரணை என்றால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாரியம் விதிமுறை தவறாது. ஒரு நாள் தூறல் விழுந்தபோது கடைநிலை ஊழியர் நோட்டீஸோடு மொட்டை மாடிக்கு ஏறினார். தாளை இரண்டு கையாலும் வானத்தை நோக்கி நீட்டிப் பிடித்தார். தூறல் வலுத்தது, மை கரைந்தது, தாள் கூழாகிக் கையோடு வந்தது. கீழே இறங்கி வந்து பதிவேட்டில் எழுதினார்: 'எதிர்தரப்பு நோட்டீஸை நேரில் பெற்றுக்கொண்டது. பிறகு கிழித்துப் போட்டது.' இந்தத் திமிரைக் கேட்டு வாரியத் தலைவரே முகம் சிவந்துவிட்டாராம்.

விசாரணை நாளன்று நானும் போயிருந்தேன். மண்டபத்தில்தான் நடந்தது. சுவரெங்கும் வெள்ளப் புகைப்படங்கள். வாசலுக்கு நேராக இருந்த பெரிய படத்தில் குடைக்காரர் தலையில் மெத்தையோடு தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கீழே 'தளராத மனிதன்' என்று எழுதியிருந்தது. தலைவர் உள்ளே நுழையும்போது படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அட, நீங்கதானா அது! படத்துல ரொம்ப அழகா விழுந்திருக்கீங்க. அடுத்த வெள்ளத்துல இதைவிட நல்லா எடுக்கலாம்" என்று தோளைத் தட்டினார்.

ஊழியர் வாசலில் நின்று, "மழை! மழை! மழை!" என்று மூன்று முறை கூவினார். வெளியே நல்ல வெயில். யாரும் வரவில்லை.

இங்கேதான் சிக்கல். எதிர்தரப்பு இல்லாமல் விசாரித்தால் நியாயமாக இருக்காது என்று விதி சொல்கிறது. வராதவருக்குப் பிரதிநிதி வேண்டும். அந்தப் பிரதிநிதி, வராதவரோடு நெடுநாள் தொடர்பு உள்ளவராக இருக்க வேண்டும். தலைவர் அவையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை ஒரே இடத்தில் போய் நின்றது.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"குடை ரிப்பேருங்க."

"எத்தனை வருஷமா?"

"முப்பது வருஷமாங்க."

"அப்ப முப்பது வருஷமா மழையாலதானே பிழைக்கிறீங்க? நீங்கதான் மழைக்குப் பிரதிநிதி. அந்தப் பக்கம் போயி உக்காருங்க."

"ஐயா, புகார் குடுத்ததே நான்தான்."

"அது உங்க நேர்மையைக் காட்டுது" என்றார் தலைவர். கோப்பம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

குடைக்காரர் நாற்காலியை மாற்றிக்கொண்டார். ஆனால் எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது. எதிர்தரப்பு என்றால் கேள்வி கேட்கலாம் அல்லவா? பொறியாளரை நிற்க வைத்து, சுவரை ஏன் கட்டினீங்க என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் தீர்ந்தது.

பொறியாளர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு குச்சி. திரையில் கால்வாயின் படம்.

"நம்ம சுவரோட நடத்தையை நான் ஒரு வருஷமா கவனிச்சுட்டு வரேன். சம்பவத்தன்னிக்கு சுவரு அதோட இடத்துலயேதான் நின்னுச்சு. ஒரு அடிகூட முன்னால போகல, பின்னால போகல. யாரையும் தொடல. நகர்ந்து வந்து மோதினது தண்ணிதான். மோதிட்டு நேரா திரும்பிப் போயி, ஒண்ணுமறியாத ஜனங்க வீட்டுக்குள்ள பூந்துருக்கு. சுவரு அப்பவும் பொறுமையா இருந்துச்சு."

அவையில் கைதட்டல். குடைக்காரர் எழுந்தார்.

"சார், அந்தச் சுவரக் கட்டச் சொன்னது யாருங்க?"

தலைவர் மேசையைத் தட்டினார். "பிரதிநிதி மழையைப் பத்தி மட்டும்தான் பேசலாம். அதுவும் மழையாவே பேசணும். மூணாம் மனுஷனாப் பேசினா பதிவுல ஏறாது."

குடைக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் எப்பவும் போற வழியிலதாங்க போனேன். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதான் வழி. இந்தத் தடவை போனா குறுக்க சுவரு நிக்குது. நான் எங்கங்க போவேன்?"

மழைக்கு வாய் இருந்தால் அதைத்தான் சொல்லியிருக்கும். தலைவரோ பிரகாசமானார்.

"அதாவது சம்பவ இடத்துக்குப் போனதை ஒத்துக்கறீங்க?"

"போனேங்க, ஆனா..."

"ஒத்துக்கிட்டார். எழுதிக்கோங்கம்மா."

பிறகு தலைவர் உரையாற்றினார். ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு நினைவிருப்பதை அப்படியே தருகிறேன்.

"நான் இந்தத் துறைல முப்பத்தொரு வருஷமா இருக்கேன். எத்தனையோ பேரிடரப் பார்த்துட்டேன். ஒண்ணுலகூட மனுஷன் கை இருந்து நான் பார்த்ததில்ல. ஏன்னா நான் தேடினதில்ல. தேடக் கூடாதுங்கறது என் கொள்கை. மனுஷன் மேல மனுஷன் சந்தேகப்பட ஆரம்பிச்சா இந்தக் கட்டடத்துல ஒருத்தராவது நிம்மதியா டீ குடிக்க முடியுமா? இயற்கைய திட்டினா அது கோச்சுக்காது, மேல்முறையீடு பண்ணாது, பேப்பருக்குப் பேட்டி குடுக்காது. இவ்வளவு நல்ல குற்றவாளி கெடைக்கறப்ப நாம எதுக்கு வேற ஆளத் தேடணும்?"

தீர்ப்பு வந்தது. மழை குற்றவாளி. இனிமேல் கால்வாய்த் தெருவில் அது இரண்டு விரல்கடைக்கு மேல் பெய்யக் கூடாது. அதிகமாகப் பெய்ய நினைத்தால் ஏழு நாள் முன்னதாக வாரியத்தில் எழுத்துமூலமாக அனுமதி பெற வேண்டும். மீறினால் பிரதிநிதியே பொறுப்பு.

"பொறுப்புன்னா?" என்றார் குடைக்காரர்.

"வாரியம் உங்களைக் கண்டிக்கும்" என்றார் கோப்பம்மா பரிவோடு. "வருத்தமாத்தான் கண்டிப்பாங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

அன்று சாயங்காலம் போன் வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன்.

"சுவரு எப்படி இருக்கு?"

"ரொம்பப் பொறுமையா இருக்குதாம். இன்னிக்கு அதுக்குக் கை தட்டினாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் மழையா இருந்தேன்."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மனைவி கேட்டார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் சுவரைத் தவிர வேறொன்றை விசாரித்தார்.

குடைக்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் மாறிக்கொண்டே வந்தது. முப்பது வருடத்தில் அந்த மனிதருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று வந்தது. "எனக்குச் சோறு போடுற மழைம்மா அது. அது மேல பழியப் போட்டு, என் வாயாலயே ஒத்துக்க வச்சுட்டாங்க. நான் ஞாயித்துக்கெழமை காலைல அந்தச் சுவர இடிக்கப் போறேன். வரதுன்னா வா, வராட்டி இரு" என்று வைத்துவிட்டார். வைத்தபிறகு தானே பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, நல்ல வெயிலில், குடைக்காரர் ஒரு சுத்தியலோடு கால்வாய்க்குள் இறங்கினார். குடைக்கம்பி நிமிர்த்துகிற சுத்தியல். அதால் அரை மணி நேரம் தட்டி, அரைச் செங்கல் பெயர்த்திருந்தார். அப்போதுதான் மனைவி வந்தார். ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் ஆளுயரக் கடப்பாரை.

"பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான். ரெண்டு டிக்கெட் எடுத்தேன்" என்றார். "எங்க அண்ணனோடது. பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும். தள்ளுங்க."

முதல் இடி அவர்தான் போட்டார். சத்தம் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. இஸ்திரிக்காரர் வந்தார், நான் போனேன், வராதவர்கள் டீயாவது அனுப்பினார்கள். பன்னிரண்டு மணிக்குள் சுவரின் நடுவில் கால்வாய் அகலத்துக்கு வழி திறந்துவிட்டது. பெயர்த்த செங்கல்லையெல்லாம் இஸ்திரிக்காரர் தன் தொழில் பழக்கத்தில் ஓரம் சேர்த்து, நாலு மூலையும் பிசகாமல், மடித்த துணிபோல அடுக்கி வைத்தார்.

திங்கட்கிழமை தலைவரே நேரில் வந்தார். கோப்பம்மாவும் பொறியாளரும் பின்னால் வந்தார்கள். தெருவே கூடி நின்றது. தலைவர் திறந்து கிடந்த வழியைப் பார்த்தார். அடுக்கிய செங்கல்லைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"எழுதிக்கோங்கம்மா. கனமழையின் தாக்குதலால் சுவர் இடிந்தது."

"பத்து நாளா மழையே இல்ல சார்" என்றார் கோப்பம்மா.

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "வருகைக்கு முந்தைய பாதிப்பு சார். வரப்போற மழையோட அழுத்தம் சில சமயம் முன்னாடியே வந்து வேலை பார்க்கும்."

"எழுதிக்கோங்க. செங்கல்லை ஒழுங்காக அடுக்கியிருப்பதால், இது அனுபவமுள்ள மழை என்று தெரிகிறது. பிரதிநிதி, வாங்க, மழை சார்பா இதுல கையெழுத்துப் போடுங்க."

குடைக்காரர் முன்னால் வந்தார். பேனாவை வாங்கவில்லை.

"மழை இதைச் செய்யலீங்க. நான்தான் செஞ்சேன்."

"என்னது?"

"நேத்து காலைல எட்டு மணிக்கு நான்தான் இடிச்சேன். இதோ, கை கொப்பளிச்சுப் போயிருக்கு பாருங்க. எங்க கட்சிக்காரர் மேல பொய்க் கேசு போடாதீங்க."

"நானும்தான் இடிச்சேன். மொதல்ல போட்டது நான்" என்றார் மனைவி.

"அடுக்கினது நான்" என்றார் இஸ்திரிக்காரர், கொஞ்சம் பெருமையோடு. பிறகு ஆளாளுக்கு நான் நான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் சொன்னேன். தப்பு செய்ததாக ஒப்புக்கொள்வதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தலைவர் முகம் வெளுத்துப்போனது. அந்த வாரியத்தின் வரலாற்றிலேயே, நான் செய்தேன் என்று ஒருவர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதற்கு என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. குடைக்காரரைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. சுவர இடிச்சது ஒரு மனுஷன்னு நான் எழுதிட்டா, அடுத்த வரியில, அதைக் கட்டின மனுஷன் யாருன்னு எவனாவது கேப்பான். அப்புறம் மேம்பாலத்தக் கேப்பான். அப்புறம் லிஃப்ட்டக் கேப்பான். நான் ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு. ஒரு கையெழுத்துதானே? மழை என்ன, வந்து கேக்கப் போகுதா?"

"அது கேக்காதுங்க. அதனாலதான் நான் போட மாட்டேன்."

"உங்களுக்குத் தண்டனை வரும்."

"வரட்டுங்க. என் பேரை எழுதுங்க. கட்டினவங்க பேரையும் அதே தாள்ல எழுதுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே வந்து நிக்கறோம்."

தலைவர் கையை எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து, எதிர்தரப்பின் மேல் அளவுக்கு மீறிய பற்று வைத்த குற்றத்துக்காகப் பிரதிநிதியைப் பதவி நீக்கம் செய்வதாக அறிவித்தார். ஆனால் கோப்பை மூடியே ஆக வேண்டும், மழையின் கையெழுத்து இல்லாமல் மூட முடியாது. வேறு யாரும் முன்வரவில்லை. பொறியாளர்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் தலைவரே பேனாவைத் திறந்து, 'மழைக்காக' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

கோப்பம்மா தாளை வாங்கி ஒரு தரம் படித்துப் பார்த்தார். அவர் கிண்டல் செய்கிறவர் அல்ல. உண்மையிலேயே சந்தேகம்தான்.

"அப்ப இனிமே, எந்தத் தெருவுல தண்ணி நின்னாலும் உங்களைக் கேக்கச் சொல்லலாமா சார்?"

தலைவர் ஜீப்பில் ஏறினார்.

வியாழக்கிழமை மழை வந்தது. அனுமதி கேட்காமல், இரண்டு விரல்கடையை எல்லாம் மதிக்காமல், மத்தியானம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கால்வாய் நுரைத்துக்கொண்டு வந்து, உடைந்த சுவருக்கு நடுவே புகுந்து, அந்தப் பக்கம் போய்விட்டது. தெருவில் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. குடைக்காரர் அழுதார். நான் அதை மழையின் மேல் போடப் போவதில்லை, அழுதார்.

அன்றைக்கே தபாலில் வாரியத்தின் கடிதமும் வந்தது. மழையால் சேதமான சுவருக்குப் பதிலாக, இரண்டு செங்கல் கூடுதல் தடிமனில் புதிய சுவர் கட்ட ஒப்புதல் ஆகிவிட்டது, அடுத்த மாதம் வேலை தொடங்கும் என்று இருந்தது. குடைக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, மெத்தையை உதறி விரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

அவர் நின்றபடியே படித்தார். மடித்து அலமாரியில் வைத்தார். பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணா, அந்தக் கடப்பாரை இப்போதைக்கு வராது. இங்கயே இருக்கட்டும். உனக்கு வேணும்னா வேற ஒண்ணு வாங்கிக்கோ."